மேஜைமீது உறங்கும் மனிதர்



காலைப் பத்திரிகை கைக்கு வந்தவுடன் உலகச் செய்திகளைத் தாண்டிச் சென்று, உட்பக்கத்தின் ஒரு மூலையில் மூன்று நான்கு கட்டங்களுக்குள் அடங்கிக் கிடக்கும் சித்திரத் தொடரைத் தேடிப் படிக்கும் வழக்கம் நம்மில் பலருக்கு உண்டு. மின்சார ரயிலில் நெருக்கியடித்து நின்றபடியே, முன்னால் நிற்பவரின் பத்திரிகையை அவர் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்துச் சிரிப்பவர்களும் உண்டு. அந்தக் கட்டங்களுக்குள் பல நாட்களில் நாம் காண்பது ஓர் அலுவலகம். ஒரு மேஜை, அதன்மேல் மலைபோல் காகிதக் கட்டுகள், அவற்றின் மறைவில் தலைசாய்த்து உறங்கும் ஒரு குமாஸ்தா, வாயிற்படியில் கண் சிவந்து நிற்கும் மேலதிகாரி. அடுத்த கட்டத்தில் என்ன நடக்கும் என்பது நமக்குத் தெரியும். தெரிந்திருந்தும் சிரிக்கிறோம். பிறகு பத்திரிகையை மடித்து வைத்துக்கொண்டு, நிலையத்தில் இறங்கி, அதுபோன்றதோர் அலுவலகத்திற்குள் நாமும் நுழைகிறோம்.

இதில் ஒரு விந்தை இருக்கிறது. படத்தில் உறங்குகிற அதே மனிதர் நாளைக்கு ஏதேனும் ஓர் அலுவலகத்தில் நமக்கு எதிரே அமர்ந்திருந்தால், நாம் சிரிக்க மாட்டோம். நம் வீட்டு வரி ரசீதோ, பிள்ளையின் சான்றிதழோ அவருடைய முழங்கைக்கு அடியில் கிடக்குமானால், நம் முகத்தில் சிரிப்பு எங்கிருந்து வரும்? புகார் எழுதக் காகிதம் தேடுவோம். ஒரே மனிதர், ஒரே உறக்கம். படத்தில் கண்டால் வேடிக்கை. நேரில் கண்டால் வேதனை. இந்த வேறுபாடு எதனால் வருகிறது என்பதைத்தான் இன்று உங்களோடு சேர்ந்து சிறிது சிந்திக்க விரும்புகிறேன்.

தமிழ்நாட்டை விட்டு வெளியே வந்து வாழும் நமக்கு இந்தப் பொருளில் தனியானதோர் உறவு உண்டு. தட்டெழுத்துத் தேர்வுச் சான்றிதழையும் சுருக்கெழுத்துத் தேர்வுச் சான்றிதழையும் பெட்டிக்குள் பத்திரமாக வைத்துக்கொண்டு தில்லிக்கும், பம்பாய்க்கும், கல்கத்தாவிற்கும் ரயிலேறி வந்தவர்களே நம் முன்னோரில் பலர். நிலமும் கடையும் இல்லாத ஊரில் அவர்களுக்கு அலுவலகமே வயல்; மேஜையே ஏர். நேரத்துக்கு வருவார், கணக்கில் பிசகார் என்ற நற்பெயரே அவர்களுக்கு ஊரில் கிடைத்த முதல் சொத்து. வள்ளுவப் பெருந்தகையோ மடியின்மை என்று ஓர் அதிகாரமே வகுத்து, சோம்பல் குடியைக் கெடுக்கும் என்று நம்மை எச்சரித்துச் சென்றிருக்கிறார். அப்படியிருக்க, வேலைக்கு மட்டம் போடுகிறவனைக் கண்டு முகம் சுளிக்க வேண்டிய நாமே விழுந்து விழுந்து சிரிக்கிறோம் என்றால், அதற்கு ஏதேனும் ஒரு காரணம் இருக்கத்தான் வேண்டும்.

இந்தச் சோம்பேறிக் கூட்டத்தின் மூத்த பிள்ளையிடமிருந்து தொடங்குவோம். அமெரிக்காவில் 1930ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்தில் சிக் யங் என்னும் ஓவியர் ‘பிளாண்டி’ என்ற சித்திரத் தொடரை ஆரம்பித்தார். அதில் வரும் டாக்வுட் என்ற இளைஞன் ரயில்வே கோடீசுவரர் ஒருவரின் மகன். பிளாண்டி என்ற பெண்ணை மணக்கப் பெற்றோர் இசையாததால், 28 நாட்கள் உண்ணாவிரதம் இருந்து, 1933ஆம் ஆண்டு பிப்ரவரியில் அவளைக் கைப்பிடித்தான். மனைவி வந்தாள், சொத்து போயிற்று. நாடே பொருளாதார மந்தத்தில் சிக்கி, வேலையில்லாதோர் தெருக்களில் வரிசையாக நின்ற காலம் அது. கோடீசுவரன் வீட்டுக் கேளிக்கையைப் பார்த்துச் சிரிக்க யாருக்கும் மனம் இல்லை. ஓவியர் அதை உணர்ந்தார் போலும். டாக்வுட்டைக் கொண்டுபோய் டிதர்ஸ் என்ற முதலாளியின் கட்டட நிறுவனத்தில் ஒரு மேஜையின் முன் உட்கார வைத்துவிட்டார்.

அன்றிலிருந்து டாக்வுட் அந்த மேஜையில் உறங்கிக்கொண்டிருக்கிறார். முதலாளி உறுமுகிறார், உதைக்கிறார், வேலையை விட்டு நீக்கியதாக அறிவிக்கிறார். மறுநாள் டாக்வுட் அதே நாற்காலியில் இருக்கிறார். சம்பள உயர்வு கேட்டு அவர் முதலாளியின் அறைக்குள் நுழைவதும், கேட்ட வேகத்திலேயே வெளியே பறந்து வந்து விழுவதும் ஆண்டுக்கணக்கில் நடக்கும் சடங்கு. அந்த முதலாளியோ வெளியில் புலி, வீட்டில் எலி. மனைவியின் குரல் கேட்டால் ஒடுங்கிவிடுவார். 1973ஆம் ஆண்டு சிக் யங் காலமான பிறகு அவர் மகன் டீன் யங் தொடரை ஏற்று நடத்தினார். தந்தை போனார், மகன் வந்தார். டாக்வுட்டுக்கு மட்டும் சம்பளம் உயரவில்லை.

இந்த மனிதர் சோம்பேறிதானா என்று கேட்டுப் பாருங்கள். காலையில் வாயில் ரொட்டியும் கையில் கோட்டுமாக வீட்டிலிருந்து பாய்ந்து வெளியேறி, தபால்காரர்மீது மோதி, கடிதங்களெல்லாம் காற்றில் பறக்க, வண்டியைப் பிடிக்க ஓடுகிறவர் அவர். அவரது உறக்கத்தில் நமக்குத் தெரிவது சோம்பல் அன்று; அலுப்பு. மின்சார ரயிலில் வந்து இறங்குகிறவனுக்கு அந்த அலுப்பை யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

அலுவலக மேஜையிலிருந்து சிறிது விலகி ஒரு படைமுகாமை எட்டிப் பார்ப்போம். மேலதிகாரிக்கு டிமிக்கி கொடுக்கும் கலை அங்கேதான் உச்சத்தை எட்டியது. 1950ஆம் ஆண்டில் மார்ட் வாக்கர் என்பவர் ‘பீட்டில் பெய்லி’ என்ற தொடரைத் தொடங்கினார். கல்லூரி மாணவனாக அறிமுகமான பீட்டில், 1951இல், கொரியப் போர் நடந்துகொண்டிருந்தபோது, படையில் சேர்ந்துவிட்டான். சேர்ந்த நாள் முதல் அவன் ஆற்றிய வீரச்செயல், வேலை தேடி வரும்போது மரத்தடியில் மறைந்து உறங்குவதுதான். அமெரிக்கப் படைவீரர்களுக்கென டோக்கியோவில் வெளிவந்த பத்திரிகை 1954ஆம் ஆண்டில் இந்தத் தொடரை நிறுத்திவிட்டது. இதைப் படித்தால் வீரர்களுக்கு அதிகாரிகளிடம் மரியாதை குறைந்துவிடும் என்பது மேலிடத்தின் அச்சம். தடைச் செய்தி பரவவே, தொடரை வெளியிட மேலும் பல நாளிதழ்கள் முன்வந்தன. பீரங்கிகளைக் கண்டு அஞ்சாத படை, தூங்குமூஞ்சிச் சிப்பாயின் படத்தைக் கண்டு அஞ்சியது! சிரிப்பு எந்த இடத்தில் தைக்கும் என்பதை அதிகாரம் நன்றாக அறிந்திருக்கிறது.

அடுத்து ஐரோப்பாவுக்குச் செல்வோம். பெல்ஜியம் நாட்டில் ‘ஸ்பிரூ’ என்ற சிறுவர் வார இதழ் பிரெஞ்சு மொழியில் வெளிவந்துகொண்டிருந்தது. 1957ஆம் ஆண்டு பிப்ரவரி 28ஆம் தேதியன்று வெளிவந்த இதழில், ஒரு விளக்கமும் இல்லாமல், ஓர் இளைஞனின் உருவம் அச்சாகியிருந்தது. தொடர்ந்து வந்த இதழ்களின் ஓரங்களிலும் காலடித் தடங்கள்; நடுவில் அதே இளைஞன். சில வாரங்கள் கழித்து அவனை விசாரித்தபோது, வேலைக்கு வந்திருப்பதாகச் சொன்னான். யார் அனுப்பினார்கள் என்பது அவனுக்கு நினைவில்லை. என்ன வேலை என்பதும் தெரியவில்லை. ஆந்த்ரே ஃபிரான்கன் என்ற மாபெரும் ஓவியர் படைத்த காஸ்தோன் லாகாஃப் என்னும் பாத்திரத்தின் நியமன உத்தரவு இவ்வளவுதான். ‘காஃப்’ என்றால் பிரெஞ்சு மொழியில் பிசகு என்று பொருள்.

வாசகர்களிடமிருந்து வரும் கடிதங்களைக் கவனிக்கும் பொறுப்பைக் காஸ்தோனிடம் ஒப்படைத்தார்கள். கடிதங்கள் குவிந்தன. பதில் மட்டும் போகவில்லை. அந்தக் கடிதக் குவியலைக் குடைந்து, குகை போல் இடம் அமைத்து, அதற்குள் மெத்தை விரித்து உறங்கினான் அவன். ஒரு பெரிய வியாபாரி ஒப்பந்தத்தில் கையெழுத்திட அடிக்கடி வருவார். பேனாவைத் திறக்கும் நேரத்தில் காஸ்தோனின் கைவரிசையால் ஏதோ ஒன்று வெடிக்கும், அல்லது எரியும், அல்லது அவர் தலையில் விழும். ஒப்பந்தம் கிழிபடும். இது பல ஆண்டுகள் நடந்தது.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். காஸ்தோனைப் போல ஓயாமல் உழைப்பவன் அந்த அலுவலகத்தில் வேறு எவனும் இல்லை. இரவு பகலாகப் புதுமையான இசைக்கருவி செய்வான்; இரசாயனப் பரிசோதனை நடத்துவான்; விநோதமான பண்டங்களைச் சமைப்பான்; பூனையையும் கடற்பறவையையும் அலுவலகத்திலேயே வளர்ப்பான். சம்பளம் எதற்காகத் தருகிறார்களோ, அதை மட்டும் செய்ய மாட்டான். நம் அலுவலகங்களிலும் இத்தகையவர்களைக் கண்டதில்லையா? மேஜை இழுப்பறைக்குள் நாடகப் பிரதியை வைத்துக்கொண்டு, இரண்டு கோப்புகளுக்கு நடுவே வசனம் எழுதியவர். சங்கீத சபையின் ஆண்டு விழாவுக்கு வேண்டிய கடிதங்கள் அனைத்தையும் அலுவலகத் தட்டெழுத்துப் பொறியிலேயே அடித்து முடித்தவர். ஆடு மேய்த்தாற்போலவும் ஆயிற்று, அண்ணனுக்குப் பெண் பார்த்தாற்போலவும் ஆயிற்று என்ற பழமொழி அவர்களுக்காகவே பிறந்தது. அவர்கள் சோம்பியிருக்கவில்லை. அவர்களுடைய உள்ளம் வேறிடத்தில் வேலை செய்துகொண்டிருந்தது.

மூன்றாவது வகையினர் ஒருவர் இருக்கிறார். இவரிடம் அலுப்பும் இல்லை. வேறொன்றின்மீது ஆசையும் இல்லை. 1989ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் அமெரிக்காவில் ஸ்காட் ஆடம்ஸ் தொடங்கிய ‘டில்பர்ட்’ தொடரில் வாலி என்றொரு பொறியாளர் வருகிறார். வழுக்கைத் தலை, தடித்த கண்ணாடி, கையில் எப்போதும் ஒரு காப்பிக் கோப்பை. நம் இராமாயணத்து வாலிக்கு எதிரே நிற்பவனின் பலத்தில் பாதி வந்து சேருமாம். இந்த வாலிக்கு எதிரே நிற்பவனுக்கோ, இருக்கிற ஊக்கத்தில் பாதி போய்விடும்! இந்தியாவிலிருந்து வந்து, பயிற்சிக்குச் சேர்ந்த அசோக் என்ற துடிப்புள்ள இளைஞனும் அந்த அலுவலகத்தில் உண்டு. அவனுக்கு வாலி கற்பிக்கும் பாடங்களை எண்ணிப் பார்த்தால் சிரிப்பும் வரும், கவலையும் வரும்.

ஆடம்ஸ் ஒரு தொலைபேசி நிறுவனத்தில் ஊழியராக இருந்துகொண்டே, விடியற்காலையில் எழுந்து படம் வரைந்தவர். 1995இல்தான் அந்த வேலை அவரை விட்டது. வாலி எப்படிப் பிறந்தார் என்பதற்கு அவர் கூறிய காரணம் சிந்திக்கத் தக்கது. ஆட்குறைப்புக்காக நிறுவனம் ஒரு திட்டம் வகுத்ததாம். திறமை மிகக் குறைந்த ஊழியர்கள் விலகிச் செல்வார்களானால் அவர்களுக்குக் கொழுத்த தொகை கிடைக்கும். உடன் பணியாற்றிய ஒருவர், எப்படியும் விலக எண்ணியிருந்தவர், அந்தத் தொகையைப் பெறுவதற்காகத் திறமையற்றவர் என்ற பட்டத்தை அடைய அரும்பாடுபட்டார் என்கிறார் ஆடம்ஸ். சோம்பலுக்குப் பரிசு அறிவித்தது யார்? நிறுவனம். அதை வெல்ல உழைத்தது யார்? ஊழியர். இப்போது வாலியைப் பார்த்துச் சிரிப்பதா, அந்தத் திட்டத்தை வகுத்தவரைப் பார்த்துச் சிரிப்பதா?

1993ஆம் ஆண்டில் ஆடம்ஸ் தம் மின்னஞ்சல் முகவரியைத் தொடரிலேயே அச்சிட்டார். ஊர் ஊராக வாசகர்கள் தத்தம் அலுவலகக் கூத்துகளை எழுதி அனுப்பினார்கள். அவற்றில் பல படங்களாயின. 2023ஆம் ஆண்டில் கறுப்பின மக்களைக் குறித்து ஆடம்ஸ் பேசிய தகாத பேச்சுக்காகப் பல நாளிதழ்கள் அந்தத் தொடரை நிறுத்திவிட்டன என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். ஆயினும், முப்பது ஆண்டுகளுக்கு மேலாக அலுவலக ஊழியர்கள் தங்கள் முகத்தைப் பார்த்துக்கொண்ட கண்ணாடியாக அது இருந்தது என்பதை மறுப்பதற்கில்லை.

இவ்வளவையும் தொகுத்துப் பார்த்தால் ஒன்று விளங்குகிறது. சோம்பேறி ஊழியனை வரைந்த இந்த ஓவியர்கள் யாரும் சோம்பலைப் புகழ்ந்தவர்கள் அல்லர். நாளிதழில் தொடர் நடத்துகிறவனுக்கு ஞாயிறும் இல்லை, திருநாளும் இல்லை. ஓராண்டுக்கு 365 படங்கள். உறங்கும் டாக்வுட்டை வரைய ஒருவர் உறங்காமல் உழைக்க வேண்டியிருந்தது. அத்தகைய உழைப்பாளிகள் சோம்பேறிக்குக் கதாநாயகப் பட்டம் கட்டினார்களென்றால், அவர்கள் சுட்டிக்காட்டியது அலுவலகம் என்ற ஏற்பாட்டில் உள்ள கோணலையே.

அந்தக் கோணலை எண்களால் காட்டியவர் ஒருவரும் உண்டு. சிங்கப்பூரில் வரலாற்றுப் பேராசிரியராக இருந்த நார்த்கோட் பார்க்கின்சன், 1955ஆம் ஆண்டில் லண்டன் வார இதழ் ஒன்றில் ஒரு கட்டுரை எழுதினார். ஒரு வேலைக்கு எவ்வளவு நேரம் ஒதுக்கப்படுகிறதோ, அவ்வளவு நேரத்தையும் நிரப்புமாறு வேலை பெருகிக்கொள்ளும் என்பது அவர் கண்ட விதி. அதற்குச் சான்றாகப் பிரிட்டிஷ் கடற்படையை எடுத்துக் காட்டினார். 1914ஆம் ஆண்டில் 62ஆக இருந்த பெரும் போர்க்கப்பல்கள் 1928இல் 20ஆகக் குறைந்தன. அதே காலத்தில் கடற்படைத் தலைமை அலுவலகத்து உத்தியோகஸ்தர்கள் 2,000 பேரிலிருந்து 3,569 பேராகப் பெருகினார்கள். கப்பல்கள் குறையக் குறையக் காகிதம் வளர்ந்தது. அந்த 3,569 பேரும் நாள் முழுவதும் ஓயாமல் வேலை செய்திருக்கவும் கூடும். ஒருவர் எழுதியதை மற்றொருவர் திருத்தியிருப்பார். மூன்றாமவர் அதைப் படித்துக் கையொப்பம் இட்டிருப்பார். இத்தகைய வேலையைச் செய்து களைப்பவனுக்கும், மேஜைமேல் உறங்குபவனுக்கும் உள்ள வேறுபாடு எவ்வளவு? நம் சிரிப்பின் பாதி இந்தக் கேள்வியிலிருந்து பிறக்கிறது. பயனற்ற வேலையைச் செய்ய மறுக்கிறவனிடம் நமக்கு உள்ளூர ஒரு பரிவு எழுகிறது. நாம் செய்யத் துணியாததை அவன் செய்துவிட்டான்.

இதுவரை சொன்னது சிரிப்பின் நியாயம். இனி, அதில் விடுபட்டுப் போனதைச் சொல்ல வேண்டும்.

டாக்வுட்டின் அலுவலகத்தையும் காஸ்தோனின் அலுவலகத்தையும் வாலியின் அலுவலகத்தையும் மறுபடி நினைத்துப் பாருங்கள். ஊழியன் இருக்கிறான், மேலதிகாரி இருக்கிறார், கூட வேலை செய்பவர்கள் இருக்கிறார்கள். அந்த வேலை யாருக்காக நடக்கிறதோ, அந்த மனிதரைக் காண்பது அரிது. காஸ்தோன் படுத்துறங்கும் குவியலில் உள்ள ஒவ்வொரு கடிதத்தையும் யாரோ ஒரு சிறுவன் எழுதி, தபால்தலை ஒட்டி, பதிலுக்காக வாசலைப் பார்த்துக்கொண்டு இருந்திருப்பான் அல்லவா? அவனைக் கட்டத்துக்குள் கொண்டுவந்தால் சிரிப்பு கலைந்துவிடும். ஆகவே அவன் வெளியே நிறுத்தப்பட்டான். படம் சிரிப்பாகவும் நேர்க்காட்சி வேதனையாகவும் இருப்பதன் காரணம் இதுவே. படத்தில் நாம் மேஜைக்கு உட்புறம் இருக்கிறோம். நேரில் வெளிப்புறம் நிற்கிறோம்.

வெளிப்புறம் நிற்பவரைக் கட்டத்துக்குள் கொண்டுவந்து நிறுத்தியும், சிரிப்பைக் கலைக்காமல் காத்த ஒரு பெருங்கலைஞர் நம் நாட்டில் இருந்தார். அவர் நம்மவரும்கூட. 1921ஆம் ஆண்டு மைசூரில் ஒரு தமிழ்க் குடும்பத்தில் பிறந்து, பம்பாய்க்குச் சென்று வாழ்ந்த ஆர். கே. லக்ஷ்மண் அவர்களைத்தான் சொல்கிறேன். நாவலாசிரியர் ஆர். கே. நாராயணனின் இளைய சகோதரர். பம்பாயின் ஓவியப் பள்ளி ஒன்று இவரைச் சேர்த்துக்கொள்ள மறுத்ததும், அதே நகரில் இவரது தூரிகை கொடி நாட்டியதும் ஊரறிந்த வரலாறு. 1951ஆம் ஆண்டிலிருந்து நாளிதழின் முதற்பக்கத்தில் அவர் வரைந்துவந்தது தொடர் அன்று, ஒரே கட்டம். அந்த ஒற்றைக் கட்டத்தின் ஓரத்தில், கட்டம் போட்ட கோட்டும் வேட்டியும் அணிந்து, வட்டக் கண்ணாடிக்குள் விழித்துக்கொண்டு, ஒரு முதியவர் நிற்பார். அவர்தான் ‘சாமானிய மனிதர்’. அமைச்சர்கள் பேசுவார்கள், அதிகாரிகள் பேசுவார்கள், அவர் மனைவிகூடப் பேசுவார். அவர் மட்டும் வாய் திறந்ததில்லை.

பம்பாய்ப் பத்திரிகைகளில் அலுவலகத்தை உள்ளிருந்து பார்த்தவர்களும் இருந்தார்கள். கோவாவைச் சேர்ந்த மரியோ மிராண்டா, காரியதரிசி மிஸ் ஃபொன்சேகாவையும் அவருடைய முதலாளியையும் வைத்து நம்மைச் சிரிக்க வைத்தார். லக்ஷ்மண் தேர்ந்துகொண்டது வெளியில் நிற்பவரின் இடம். அவருடைய படங்களிலும் கோப்பு மலைகள் உண்டு; சோம்பல் முறிக்கும் குமாஸ்தாக்கள் உண்டு; காலியான நாற்காலிகள் உண்டு. ஆனால் ஓரத்தில் அந்த முதியவர் நின்று பார்த்துக்கொண்டிருப்பதால், அந்தச் சிரிப்புக்கு ஒரு கணக்கு உண்டாகிவிடுகிறது. இந்த உறக்கத்துக்கு விலை கொடுப்பவர் இவர் என்பது, ஒரு சொல்லும் சொல்லாமலே தெரிந்துவிடுகிறது. லக்ஷ்மண் 2015ஆம் ஆண்டு ஜனவரி 26ஆம் தேதி, குடியரசு நாளன்று, புணே நகரில் காலமானார். அந்தச் சாமானிய மனிதருக்கு அதே நகரில் சிலை இருக்கிறது. சிலையும் பேசுவதில்லை.

இதை நான் உணர்ந்துகொண்ட நாளைப் பற்றிச் சொல்லி முடிக்கிறேன். என் இளம் வயதில், வெளிமாநில நகரம் ஒன்றில் ஓர் அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்தேன். ஓய்வூதியக் காகிதங்கள் எங்கள் பிரிவுக்கு வரும். பத்திரிகையில் வெளிவந்த டாக்வுட் படம் ஒன்றை, மேஜையில் தலைசாய்த்து அவர் உறங்கும் படத்தை, யாரோ கத்தரித்து என் நாற்காலிக்குப் பின்புறச் சுவரில் ஒட்டியிருந்தார்கள். போகிற வருகிறவர்களெல்லாம் பார்த்துச் சிரிப்பார்கள். நாங்களும் சிரிப்போம். குளிர்காலத்தில் கோட்டை நாற்காலியில் மாட்டிவிட்டு, ஆள் இருப்பதுபோல் தோன்றச் செய்து, வெளியே வெயிலில் வேர்க்கடலை உரித்துக்கொண்டு நின்ற நாட்களில், அந்தப் படம் எங்களுக்குக் குலதெய்வம்.

ஒரு நாள் வயது முதிர்ந்த அம்மாள் ஒருவர் வந்தார். நெற்றியில் திருநீறு, கையில் துணிப்பை. காலஞ்சென்ற கணவரின் ஓய்வூதியத்துக்காக அது நான்காவது முறையாக வருவதாம். நான் தமிழன் என்று அறிந்ததும் அவர் முகம் மலர்ந்தது. “நீங்கள் நம்மூரா தம்பி?” என்று கேட்டுவிட்டு, ஊர், பேர், வீட்டில் யார் யார் என்றெல்லாம் விசாரித்தார். பிறகு சுவரில் இருந்த படத்தைப் பார்த்து, அது என்ன என்று கேட்டார். நான் விளக்கினேன். அவரும் நன்றாகச் சிரித்தார். சிரித்து முடித்தபின், கொஞ்சமும் குத்தல் இல்லாமல், ஒரு சந்தேகத்தைத் தெளிந்துகொள்பவர்போல் கேட்டார்:

“தம்பி, அவர் தலைக்குக் கீழே இருக்கிற காகிதத்தில் என்னுடையதும் இருக்குமோ?”

எனக்கு விடை வரவில்லை. எழுந்து சென்று அலமாரியில் தேடினேன். கட்டு கிடைத்தது. ஒரு கையொப்பமும் ஒரு முத்திரையும் குறைந்திருந்தன. முத்திரை என் மேஜையிலேயே இருந்தது. கையொப்பமிட வேண்டியவர் இரண்டு அறை தள்ளி இருந்தார். எல்லாம் முடியக் கால் மணி நேரம் ஆயிற்று. அந்தக் கால் மணி நேரத்துக்காக அந்தக் காகிதம் நான்கு மாதம் காத்திருந்தது. அந்த அம்மாள் நான்கு முறை இரண்டு பேருந்து மாறி வந்திருந்தார். “நன்றாக இருங்கள் தம்பி” என்று வாழ்த்திவிட்டுப் போனார். அந்த வாழ்த்து எனக்கு எப்படிச் சுட்டது என்பதை விவரிக்கத் தேவையில்லை.

அந்தப் படத்தை நான் கிழித்துவிடவில்லை. அது சுவரிலேயே இருந்தது. டாக்வுட்டின் அலுப்பு பொய்யன்று. அலுவலகத்தின் கோணல்களும் பொய்யல்ல. அவற்றைக் கண்டு சிரிக்காவிட்டால் நாற்பது ஆண்டுகள் ஒரே நாற்காலியில் யாரால் உட்கார முடியும்? ஆனால் அன்று முதல் அந்தப் படத்தைப் பார்க்கும்போதெல்லாம், ஓவியர் வரையாமல் விட்ட ஓர் உருவமும் கட்டத்தின் ஓரத்தில் எனக்குத் தெரியலாயிற்று. திருநீறும் துணிப்பையுமாக அது நின்றது.

இன்று கோப்புகள் பலவும் கணிப்பொறிக்குள் போய்விட்டன. உறங்குவதற்கு ஏற்ற காகிதக் குவியலும் அருகிவருகிறது. ஆயினும் “பரிசீலனையில் உள்ளது” என்ற வாசகம் திரையில் மாதக்கணக்கில் அசையாமல் நிற்பதை நாம் கண்டுவருகிறோம். அந்த வாசகத்துக்கு உட்புறமும் ஒரு மனிதர் இருக்கிறார். வெளிப்புறமும் ஒரு மனிதர் இருக்கிறார். நம்மில் பெரும்பாலோர் காலையில் உட்புறமும் மாலையில் வெளிப்புறமுமாக இரண்டு இடத்திலும் இருப்பவர்கள். பிறந்த ஊரை விட்டு வந்த நமக்கு, வெளிப்புறம் நிற்பது இன்னும் சற்றுக் கடினம். மொழி புதிது, அறிமுகம் குறைவு, சிபாரிசுக்கு ஆள் இல்லை.

ஆகவே நாளைக் காலையும் அந்தச் சித்திரத்தைத் தேடிப் படியுங்கள். மனம் விட்டுச் சிரியுங்கள். சிரித்து முடித்து அலுவலகத்தில் அமர்ந்தபின், கால் மணி நேரத்தில் முடியக்கூடிய காகிதம் ஏதேனும் நம் முழங்கைக்கு அடியில் இருக்கிறதா என்று ஒரு முறை பார்த்துவிடுவோம். இருந்தால், அதை அனுப்பிவிட்டுப் பிறகு காப்பி குடிக்கப் போகலாம். காப்பி ஆறிவிடாது.